ஏ.சி. ஓடுது... கூலிங் எங்கே?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் ஏ.சி. மெக்கானிக்குகளின் செல்போனுக்கு ஓய்வு கிடையாது. ஊரெல்லாம் ஒரே புகார்தான். ரிமோட்டில் 18 வைத்தாயிற்று, காற்றும் வருகிறது, மீட்டரும் ஓடுகிறது, அறைதான் குளிரவில்லை. இரண்டு மூன்று நாள் காத்திருந்த பிறகு மெக்கானிக் வருகிறார். அவுட்டோர் யூனிட்டின் வால்வில் கேஜைப் பொருத்துகிறார், முள்ளைப் பார்க்கிறார், தீர்ப்பைச் சொல்கிறார்: "கேஸ் தீர்ந்துபோச்சு சார். ஃபுல்லா சார்ஜ் பண்ணணும்."

வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுகிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அன்றிரவு அறை ஜில்லென்று இருக்கிறது. அடுத்த கோடையில் அதே புகார், அதே தீர்ப்பு, அதே பில்.

ஏ.சி.யில் கேஸ் தீராது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சமையல் சிலிண்டரில் இருப்பது எரிந்து செலவாகும் கேஸ். ஏ.சி.யில் இருப்பது செம்புக் குழாய்களுக்குள் அடைத்து மூடிய ஒரு திரவ-வாயு. வீட்டு ஏ.சி. ஒன்றில் அது ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதே ஒரு கிலோதான் இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே ஓயாமல் சுற்றுகிறது. உள்ளே வாயுவாக மாறுகிறது, வெளியே மறுபடி திரவமாகிறது. பத்து வருஷம் சுற்றினாலும் அதில் ஒரு கிராம்கூடச் செலவாக வேண்டியதில்லை. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புவது ரிப்பேர் ஆகாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. கேஸ் துளியும் குறையாமலே கூலிங் குறைவதற்கு ஒரு டஜன் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியை வீட்டுக்காரரே, ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல், கண்டுபிடித்துவிடலாம்.

குளிரைத் தயாரிக்காத மிஷின்

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டுகிறது, அவ்வளவுதான். பொறியியல்காரர்கள் இதை ஹீட் பம்ப் வகையில் சேர்ப்பது அதனால்தான். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும்.

அதென்ன டன்? ஏ.சி.யின் எடை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இது ஐஸ் கணக்கு. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். சென்னைவாசிகளுக்கு இந்தக் கணக்கின் நினைவுச்சின்னம் மெரினா எதிரிலேயே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அமெரிக்க வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விற்றார்கள். ஒன்றரை டன் ஏ.சி. நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் அந்த ஐஸில் 1,360 கிலோவை உருக்கியதற்குச் சமம்.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த ஏற்பாடுதான் நவீன ஏ.சி.யின் தொடக்கம் என்பார்கள். அவருக்குத் தரப்பட்ட வேலை ஆட்களைக் குளிர்விப்பது அல்ல. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போவதைத் தடுப்பது. இந்தப் பழங்கதை இங்கே வருவதற்குக் காரணம், உங்கள் வீட்டு ஏ.சி.யும் இன்றுவரை அந்த இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. வெப்பத்தையும் எடுக்கிறது, ஈரத்தையும் எடுக்கிறது. எடுத்த ஈரம் டியூப் வழியாக வெளியே சொட்டுகிறது. முதல் துப்பு அந்தத் தண்ணீர்தான்.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் புழுக்கமான இரவொன்றில் ஏ.சி. போட்டு அரை மணி நேரத்துக்குள் டியூபில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, அறைக்குள்ளும் ஒழுகவில்லை என்றால் உள்ளே இருக்கும் கூலிங் காயில் போதிய அளவு குளிரவில்லை. கரூர், வேலூர் போன்ற ஊர்களின் வறண்ட மதிய வெயிலில் தண்ணீர் குறைவாகத்தான் வரும். அதை வைத்துப் பதற வேண்டாம்.

இரண்டாவது துப்பு வெப்பநிலை வித்தியாசம். ஏ.சி. கால் மணி நேரம் ஓடிய பிறகு, இன்டோர் யூனிட் மேல்பக்கம் இழுக்கும் காற்றையும் கீழ்பக்கம் விடும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மிஷின் தன் வேலையைச் செய்கிறது. மிகவும் புழுக்கமான நாளில் இது கொஞ்சம் குறையலாம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. 32 டிகிரிக்குக் கீழே போனால் அது கைவிரித்துவிடும். சமையலறைக்கென்று விற்கிற சாதாரண தெர்மாமீட்டர் போதும். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையா? அப்படியென்றால் குற்றவாளி ஏ.சி. அல்ல, அறை. அதைப் பிறகு பார்ப்போம்.

கேஜ் சொல்லும் பொய்

இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைகள் வெளியே வரும். அவைதான் ஃபில்டர். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும் என்பது ஏ.சி.யோடு வரும் சிறு புத்தகத்திலேயே இருக்கும். அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர் யார்? மெயின் ரோட்டோரத்து வீட்டிலும், அடுப்படியை ஒட்டிய ஹாலிலும், நாயோ பூனையோ வளரும் வீட்டிலும் ஒரே மாதத்தில் அந்த வலை சாம்பல் நிறக் கம்பளியாகிவிடும்.

வலை அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் காயிலுக்குள் இருக்கும் கேஸுக்கு வெப்பம் போதிய அளவு கிடைக்காது. அது ஒழுங்காக ஆவியாகாது. காயில் தேவைக்கு மேல் குளிர்ந்து, மேலே ஐஸ் படியும். ஐஸ் படிந்தால் காற்றுக்கு மிச்சம் இருந்த வழியும் அடைபடும். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சூப்பரா இருந்துச்சு, அப்புறம் வெறும் ஃபேன் காத்துதான்" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ஐஸைக் கத்தியால் சுரண்டக் கூடாது. காயில் ஓட்டையாகிவிட்டால் செலவு பல மடங்காகும். கூலிங்கை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகிவிடும்.

இங்கேதான் கேஜ் பொய் சொல்கிறது. ஃபில்டர் அடைத்திருந்தாலும் அழுத்தம் குறையும். கேஸ் கசிந்திருந்தாலும் அழுத்தம் குறையும். முள் இரண்டு நோய்க்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகமே அடிக்கடி மாறுவதால், அதில் முள்ளை மட்டும் நம்புவது இன்னும் மோசம். அழுக்கு ஃபில்டரோடு இருக்கும் மிஷினில் "லோ பிரஷர்" என்று கேஸை ஏற்றிவிட்டு, மறுவாரம் ஃபில்டரைக் கழுவினால் என்ன ஆகும்? தேவைக்கு அதிகமான கேஸோடு மிஷின் திணறும். அழுத்தம் எகிறும், கரன்ட் அதிகம் இழுக்கும், கம்ப்ரஸர் ஆயுள் குறையும். நல்லாயிருந்த ஏ.சி.யைக் காசு கொடுத்துக் கெடுத்ததாக முடியும். எனவே சர்வீஸ் முதலில், கேஜ் பிறகு. இந்த வரிசையை மாற்றும் மெக்கானிக்கைத் தயங்காமல் நிறுத்தலாம்.

ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் உருளை வடிவ ஃபேனிலும் அழுக்கு அப்பிக்கொள்ளும். அதற்கு வீட்டு வைத்தியம் போதாது. பம்ப் வைத்து அடிக்கும் ஜெட் சர்வீஸ் வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, கடலோரத்தில் என்றால் இருமுறை.

இனி வெளியே. உள்ளே அள்ளிய வெப்பத்தைக் கொட்டும் இடம் அவுட்டோர் யூனிட். அதன் முதுகில் தகடு தகடாக இருக்கும் கண்டென்சரில் தூசியும் புறா இறகும் அடைத்திருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. சென்னை அபார்ட்மென்ட்களில் இதைவிடப் பெரிய வில்லன் ஒன்று உண்டு: ஓ.டி.எஸ். என்று பில்டர்கள் சொல்லும் அந்தக் குறுகிய திறந்த சந்து. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட இடத்தில் தளத்துக்கு இரண்டு அவுட்டோரைத் தொங்கவிடுகிறார்கள். கீழ்வீடு கக்கும் அனல் மேலே ஏறி, மேல்வீட்டு அவுட்டோருக்குள் புகுகிறது. கீழ்த்தளத்தில் நன்றாக இயங்கும் அதே கம்பெனி, அதே மாடல் ஏ.சி. நான்காம் தளத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். கம்பெனியை மாற்றிப் பயன் இல்லை. அவுட்டோரை மொட்டை மாடிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் முன்னால் நெருக்கமான கிரில் அடைப்பதும், மேலே துணி உலர்த்துவதும் இதே ரகத் தப்புகள்.

அவுட்டோர் ஃபேன் விடும் காற்றில், தள்ளி நின்று கையைக் காட்டிப் பாருங்கள். சுற்றியிருக்கும் காற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருக்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறது, காற்றில் சூடு இல்லை என்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை. பழைய ரக ஏ.சி.யில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஒரு கேபாசிட்டர். சில நூறு ரூபாய் பொருள். கோடை வெயிலில் வெந்து வெந்து அது பலவீனமாகும். கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். 'கம்ப்ரஸர் போச்சு, புது ஏ.சி. வாங்கிடுங்க' என்ற ஆலோசனையை ஏற்பதற்கு முன் கேபாசிட்டரை மீட்டர் வைத்து அளக்கச் சொல்வது நல்லது. அளப்பதை மெக்கானிக்கே செய்யட்டும். மெயினை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கியடிக்கும்.

இன்வெர்ட்டர் மாடல்களில் கேபாசிட்டரின் இடத்தை எலெக்ட்ரானிக் போர்டு பிடித்துக்கொண்டது. அதற்கு நம் ஊரில் ஒரு விசேஷ எதிரி: பல்லி. கதகதப்பான போர்டின் மேல் ஊர்ந்து, இரண்டு முனைகளைச் சேர்த்து ஷார்ட்டாக்கிவிட்டுத் தானும் செத்துப்போகும். எறும்பும் எலியும் தங்கள் பங்குக்கு வயரைக் கவனித்துக்கொள்ளும். போர்டு கெட்டால் டிஸ்பிளேயில் எழுத்தும் எண்ணுமாக ஓர் எரர் கோடு வரும். மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே அதைச் சொல்லிவிட்டால் தேவையான பொருளோடு வருவார். சென்சர் கெட்டாலும் இதே குழப்பம்தான்: அறை கொதிக்கும்போதே, குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மிஷின் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

டெல்லிப் பக்கம் அதிகம் விற்கும் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏ.சி. வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சந்தேகம் வர வேண்டும். குளிர்காலத்தில் வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவர, கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் வால்வு ஒன்று அதில் இருக்கிறது. அது பாதி வழியில் சிக்கிக்கொண்டால் சூடான கேஸ் குறுக்கு வழியில் கம்ப்ரஸருக்கே திரும்பிவிடும், கூலிங் போய்விடும். அப்போது உறிஞ்சும் பக்க அழுத்தம் குறையாது, கூடும். கேஸ் நிரப்பினால் நிலைமை முற்றும். அதற்கும் முன்பாக ரிமோட்டில் சூரியன் படம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இது நடக்காத கதை இல்லை.

நிஜமாகவே கசிந்திருந்தால்

கசிவும் நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.களின் அவுட்டோரில் இரண்டு செம்புக் குழாய்கள் சேரும். தடித்த குழாய் வியர்த்திருந்தால் நல்ல அறிகுறி. மெல்லிய குழாயின் நட் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது வழியில் அடைப்பு இருக்கலாம். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கேதான். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியே வரும்.

ஓட்டை விழும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். இன்ஸ்டாலேஷன் அன்று அவசரத்தில் விரித்த குழாய் முனை, அளவுக்கு மீறி முறுக்கிய ஃபிளேர் நட் ஆகியவை முதலிடத்தில். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் தூத்துக்குடியிலும் உப்புக்காற்று அலுமினியத் தகட்டைப் பொடியாக்கி, செம்பையும் அரிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் காயிலுக்கு வேறு வகை அரிப்பு: புது பிளைவுட், பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து வரும் ஆவி, ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகி, செம்பில் எறும்புப் புற்று போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். இன்டீரியர் வேலை முடிந்த புது ஃபிளாட்டில் இரண்டு மூன்று வருஷத்திலேயே காயில் ஓட்டையாவதற்கு இது ஒரு காரணம்.

சரியான ரிப்பேர் எப்படி இருக்கும்? நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை இணைக்க யாராவது முயன்றால் உடனே தடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் அது வெடிக்கும். அடுத்து வேக்கும் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும் என்பதால் அதிகம் தவிர்க்கப்படும் வேலை இதுதான். ஈரம் தங்கினால் உள்ளே உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். கடைசியில் எடை மிஷினில் சிலிண்டரை வைத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்குப்படி கேஸை ஏற்ற வேண்டும். குழாய் நீளம் அதிகமென்றால் அதற்கு ஒரு கூடுதல் கணக்கு.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். பழைய மிஷின்களில் ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22. இந்த வகை கேஸில் இயங்கும் புது மிஷின்களைத் தயாரிப்பது இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதன்பின் வந்தது ஆர்-410ஏ. இன்று கடைகளில் அதிகம் இருப்பது ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்ற முடியாது. ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 சமையல் கேஸின் நெருங்கிய உறவான புரொப்பேன்தான். குழாய்க்குள் கேஸ் மிச்சம் இருக்கும்போது பற்றவைப்புத் தீயை நீட்டுவது ஆபத்து. கசிவுக்கு இன்னொரு விலையும் உண்டு: ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32க்கு அந்தக் கணக்கு 675 கிலோ. வருஷா வருஷம் 'டாப்-அப்' செய்யும் வீடு இதையும் சேர்த்தே காற்றில் விடுகிறது.

பழியை மெக்கானிக் மேலேயே போட்டுவிடுவதும் நியாயம் அல்ல. ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் டிரேட் படித்து வருகிறவர்களைவிட, இன்னொருவருக்கு உதவியாளாகப் போய்த் தொழில் கற்றவர்களே களத்தில் அதிகம் தென்படுகிறார்கள். 2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'இந்தியா கூலிங் ஆக்‌ஷன் பிளான்' ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை ஓர் இலக்காகவே வைத்தது. மொட்டை மாடி விளிம்பில் கயிறுகூட இல்லாமல் தொங்கி வேலை செய்பவரிடம் இரண்டு மணி நேர வேலையை இருபது நிமிஷத்தில் முடிக்கச் சொல்வது யார்? நாம்தான்.

இனி அறையின் குற்றம். ஏ.சி.யின் திறன் வெளியே 35 டிகிரி என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் ஒன்றரை டன் மிஷின் ஒன்றரை டன்னாக இருக்காது. அதன் தலைக்கு மேல் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இருந்தால் இரவு பத்து மணி வரை அது அனலை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள் செய்ததைத்தான் இன்று வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் ஓரளவுக்குச் செய்கிறது. மேற்கு ஜன்னலுக்கு ஒரு தடித்த திரை, கதவடி இடைவெளிக்கு ஒரு ரப்பர் பட்டை: இரண்டும் கேஸ் சார்ஜைவிட மலிவு.

ரிமோட்டில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் பிரமை. பழைய ரக மிஷினுக்கு ஒரே வேகம்தான். இன்வெர்ட்டரோ அறை சூடாக இருக்கும்போது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார் லேபிள் உள்ள ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 24-ஓடு மின்விசிறியை ஒன்றில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்தமுறை "கேஸ் தீர்ந்துபோச்சு" என்ற வசனம் காதில் விழுந்தால், பர்ஸை எடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஃபில்டரும் காயிலும் கழுவியாயிற்றா? லீக் எங்கே, காட்டுங்கள். வேக்கும் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா? எத்தனை கிராம் ஏற்றப்போகிறீர்கள்? பில்லில் கேஸின் பெயரையும் எடையையும் எழுதி வாங்குங்கள். வாரன்ட்டி காலத்தில் இருந்தால் கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு யாரையும் திறக்க விடாதீர்கள். அங்கேயும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் கூப்பிட்டால் நல்ல மெக்கானிக் கிடைப்பது அரிது.